119இல் ஒன்று

முதலில் பெட்டியைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.
கடைத்தட்டின் அகலம் பார்த்து
அட்டை மடித்து முடிந்த பிறகு
யாரோ விமானத்தைக் கூப்பிட்டு
இதற்குள் படு என்றிருக்கிறார்கள்.
அது முழங்காலை மடக்கியிருக்கிறது.
இந்த அளவு அப்படிப் பிறந்தது.

144க்கு ஒரு நியாயம் உண்டு,
பன்னிரண்டு பன்னிரண்டு.
200க்குச் சுழியங்களின் நியாயம்.
119 ஏழும் பதினேழும் பெற்ற பிள்ளை.
என்னிடமுள்ள எந்த அடிமட்டத்திலும்
அதற்கு ஒரு பக்கம் இல்லை.

பகலில் நான் நிலஅளவைக் கந்தோரில்
ஊர்களை இரண்டாயிரத்தில் ஒன்றாக்கிக் கோடு கீறுகிறவள்.
சரிவராத படத்தின் மூலையில்
'அளவுத்திட்டப்படி அல்ல' என்று எழுதிக்
கைகழுவச் சம்பளம் வாங்குகிறேன்.
இரவில், கல்லடியில்,
இலச்சினைத் தாள் பறக்காமலிருக்க
மின்விசிறியை நிறுத்திவிட்டு
மூன்று இயந்திர விமானமொன்றின்
முதுகை ஒட்டுகிறேன்.

முபீத் காத்தான்குடியில் பிளாஸ்டிக் வாளி விற்கிறார்.
வாளிகளுக்கு மேல் தட்டில் முப்பத்தொரு விமானங்கள்.
எல்லாம் 144. தொழுகை ஸஃப் போல நேர்.
பெரியது பெரிதாய், சின்னது சின்னதாய்.
என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன்.
அவருடைய நாலு இயந்திர ராட்சதனின் தோளை
என் குட்டி தொட்டுவிட்டது.
"பொய் சொல்லுது மிஸ் உங்கட பிளேன்" என்றார்.
"இத இஞ்ச வெச்சா
மத்ததெல்லாம் சின்னதாப் போயிரும்."

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
அதற்கும் டிக்கெட் வேணுமா என்றான் கொண்டக்டர்.

எறும்பும் தன் கையால் எண்சாண்.
சரிதான். சிக்கல் எறும்பில் இல்லை.
பக்கத்தில் இன்னோர் எறும்பைக்
கொண்டுவந்து வைக்கிறோமே, அதில்.

119இல் நான் பதின்மூன்று மில்லிமீற்றர்.
நெல்மணி இரண்டு, சற்றுக் குறைய.
144க்கு மாறினால் இன்னும் இரண்டு போய்விடும்,
பதவியிறக்கம் மாதிரி.

போன கிழமை வலது உட்சக்கரம் தொலைந்தது.
இந்த அளவுக்கு உதிரிப்பாகம்
உலகில் ஒருவரும் வார்ப்பதில்லை.
வேர்னியரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அளந்தேன்.
மிளகு ஐந்து.
மூக்குத்தித் திருகு மூன்று.
பனடோல் பன்னிரண்டரை.
வேண்டியது எட்டு தசம் நாலு.
நடுச்சாமம், இஸ்திரிக்குக் கிடந்த சட்டையில்,
கழுத்துப் பட்டியின் நுனியைப் பிடித்துவைக்கும்
சின்னப் பொத்தான்:
எட்டு தசம் நாலு!
வெள்ளை. நாலு துளை.

எங்கோ ஒரு தையற்சாலையில்
தமக்கே தெரியாமல்
119இல் சக்கரம் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் குகநேசன்
பட்டியின் ஒரு காது தூக்கியபடி
பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போனார்.
பிள்ளைகள் சிரித்தார்களாம். ஏனென்று அவருக்குப் பிடிபடவில்லை.
நான் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை, விமான நிலைய வேலிக்கு வெளியே
ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
வாவிப் பக்கமிருந்து ஒன்று இறங்கிவந்தது.
கையை நீட்டி
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தேன்.
ஆயிரத்தில் ஒன்று.
அறுநூறில். முந்நூறில்.
விரலை விரிக்க விரிக்கப் பிதுங்கியது.
தலைக்கு மேல் இரைவதற்குள்
119ஐ அது கடந்தே இருக்கும்.
எந்தத் தென்னைக்கு நேரே என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.
பெட்டிக்குள் படுக்காத விமானம்
எல்லா அளவிலும் ஒருகணம் இருந்துவிட்டு
தரையில் ஒன்றுக்கு ஒன்றாய் நின்றது.
அப்போது அதைப் பார்க்க
எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.

இரவு முபீத்தின் குறுஞ்செய்தி.
ராட்சதனைத் துடைக்கும்போது
ஒரு சில்லுக் கழன்று
வாளிகளுக்குள் விழுந்துவிட்டதாம்.
முப்பது வாளி கவிழ்த்தும் இல்லையாம்.
"மிஸ், அந்தப் பட்டன் எந்தக் கடையில?"

கணக்குப் போட்டேன்.
பெரிய விமானம், பெரிய சில்லு,
144ஆல் வகுத்தால்
எட்டு தசம் நாலு.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
மற்றப் பக்கக் கழுத்திலும் ஒன்று இருந்தது.