இரண்டாம் கணு வரை

மயூர் விஹாரில் மே மாதம்.
விடிகாலை ஐந்தரைக்குக் குழாய் இருமும்,
ஆறேகாலுக்கு மூச்சை நிறுத்திக்கொள்ளும்.
அதற்குள் குளித்து, இரண்டு வாளி பிடித்து,
சாம்பவி விட்டுப்போன பதினோரு தொட்டிக்கும்
ஊற்றியாக வேண்டும்.

பதினொன்று இல்லை. ஒன்பது.

மாற்றல் உத்தரவோடு ராஞ்சிக்கு ரயிலேறும்போது
அவள் சொன்னது ஒரே வாக்கியம்:
மேல்மண்ணைப் பார்த்து ஏமாறாதே.
பார்த்தேன், ஏமாந்தேன்.
மணிபிளான்ட்டுக்குக் காலையில் ஒரு சொம்பு,
ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு சொம்பு,
தூக்கம் பிடிக்காத இரவில், பாவம் என்று, இன்னொன்று.
தலை தொங்கியது. தாகம் என்று நினைத்து
மேலும் ஊற்றினேன்.
பிடுங்கியபோது வேர் நைந்துபோய்
ஊசின கீரை வாடை.

அந்தப் பயத்தில் புதினாவுக்குக் கையை இழுத்தேன்.
லூ அடித்த மூன்றே நாளில்
அப்பளமாய் நொறுங்கியது.

முங்கினதும் காய்ந்ததும்
சாவதற்கு முந்தின நாள்
ஒரே மாதிரிதான் தொங்கின.

இப்போது விரலை விட்டுப் பார்க்கிறேன்.
சுட்டுவிரல், இரண்டாம் கணு வரை.
மேலே கடலை வறுக்கிற மணல்.
கீழே, சில நாள், யாரோ இப்போதுதான்
குளித்துவிட்டுப் போன அறையின் குளிர்ச்சி.
குளிர்ந்தால் சொம்போடு திரும்பிவிடுவேன்
(இதுதான் கஷ்டம்).
ஒட்டாமல் விரல் வெளியே வந்தால் ஊற்றுவேன்,
இலைமேல் இல்லை, மண்ணில்,
அடித்துளை சொட்டும்வரை.
வெயிலேறிவிட்டால் குழாயைத் தொடுவதில்லை:
மொட்டைமாடி டேங்க் தண்ணீரில்
பதினோரு மணிக்கு டீத்தூள் போடலாம்.

செவ்வாயன்று மாநகராட்சிப் பெண் ஒருத்தி
கொசுப்புழு தேடி வந்தாள், கையில் டார்ச்.
கூலர் சுத்தம்.
கடைசித் தொட்டியின் அடித்தட்டில் ஏழெட்டு நெளிந்தன.
அபராதச் சீட்டை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே வைத்தாள்.
தட்டைத் தரையில் கவிழ்த்தாள். சிமெண்ட் சீறியது.
"குடிக்க விடு, ஊறப் போடாதே" என்றாள் இந்தியில்.
பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாள்.
பாதியைக் குடித்தாள்.
மீதியைப் பிடரியில் விட்டுக்கொண்டு
கண்மூடி நின்றாள், கொஞ்ச நேரம்.

இரவு ராஞ்சியிலிருந்து போன்.
நல்லா இருக்கியா?
நல்லா இருக்கேன். நீ?
ம். நல்லா.
இரண்டு நாளாக இதே தொங்கின குரல்.
அந்த வாரம் தினமும் மூன்று முறை கூப்பிட்டிருந்தேன்.
அதிகமா, போதவில்லையா,
குரலில் விரலை எங்கே விடுவது?

"செடியெல்லாம்?"
"ஒம்பது இருக்கு."
அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும்.
"எந்த ரெண்டு?"
சொன்னேன்.
"புதினா நான் இருக்கும்போதே போயிடுச்சு" என்றாள்,
"உன்கிட்ட சொல்லல."