முதல் எண்

பர்கூரில் இந்தத் தெருவுக்கு அடியில் பாறைதான்.
எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டி
கௌரம்மா தினம் ஒரு குடம் ஊற்றியும்
நூற்றி எண்பது ஓம்.
இந்த மண்ணில் கசிகிற மின்சாரம்
பதினாறு ஆம்பியர் பிரேக்கரின் தூக்கத்தைக்கூடக் கலைக்காது.

ஆக, எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டியின் தலையில்.
போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு,
முப்பது மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால்
கடையைச் சாத்து.
அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவே.
தொட்டது யார் என்று கேட்காது.

"பாத்ரூம் குழாயில எறும்பு கடிக்குதுக்கா"
என்றாள் சின்னவள்.
"அது எப்பவும் கடிக்கும், நீ செருப்பு போட்டுக்கோ"
என்றார் முனிரத்தினம், என் பக்கம் திரும்பாமல்.
போய்ப் பார்த்தேன்.
ஒரு எறும்பும் இல்லை.

பட்டனை முதலில் தொடவில்லை.
கருவியை சாக்கெட்டில் சொருகிப்
பாதி அளவு விட்டேன். விழவில்லை. விழவும் கூடாது.
முழு அளவு விட்டேன்.
ஃபிரிட்ஜ் ஓடியது. ஃபேன் ஓடியது.
டிவியில் ஒருத்தி அழுதுகொண்டே இருந்தாள்.
திரையில்: முந்நூறுக்கு மேல்.

மூடியில் ஆறு வருஷத்து கிரானைட் மாவு.
ஊதினேன்.
இப்போது பட்டன்.

டப்.

அழுதவள் நடுவில் நின்றாள்.
தெருக்கோடியில் கல் அறுக்கும் சத்தம்
அதுவரை வெளியே இருந்தது,
உள்ளே வந்து உட்கார்ந்தது.

நெம்பைத் தூக்கிவிட்டு மறுபடி கருவி:
இருபத்தி நாலு மில்லி செகண்ட்.
இன்னொரு தரம்: இருபத்தி ரெண்டு.
"நல்லாத்தானே கீது மேடம், அதையே போட்டுக்கோங்க.
மாடிக்குக் குடிவரவங்க கேட்டாங்கன்னுதான்
உங்களக் கூப்பிட்டதே."

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள்.

இருபத்தி ரெண்டு என்பது
நான் உலுக்கி எழுப்பிய பிறகான வீடு.
அதற்கு முந்தைய எண்,
நேற்று ராத்திரி கண்ணில் சீயக்காயோடு
இந்தப் பிள்ளை குழாயைத் தடவித் தேடிய வீடு.

முதல் எண்ணை எழுதினேன்.
மற்றதை ஓரத்தில், பொடி எழுத்தில்.
முனிரத்தினம் பணத்தை டேபிளில் வைத்தார், கையில் தரவில்லை.

"அப்போ நேத்து வரைக்கும்?" என்றாள் கௌரம்மா.

அதற்கு என் கருவியில் பொத்தான் இல்லை.
அவளிடம் கேட்டுக்கொண்டு
கீசரின் பிளக்கை வயரோடு வெட்டி
உள்ளங்கையில் வைத்தேன்.
எடை பார்ப்பவள் மாதிரி
வெகுநேரம் வைத்திருந்தாள்.