அறுபதுக்குக் கீழே

நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே நம்பிக்கை இறங்கினால்
படம் என்னிடம் வரும்.
மேலே உள்ளதையெல்லாம் அதுவே படித்து
அதுவே கணக்குப் போட்டு
அதுவே எடுத்துக்கொள்ளும்.

மனிதக் கை படாத வசூல் என்று
திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் பலகை.
இம்பீரியல் சாலையில், மருந்துக்கடை மாடியில்,
இரவு பத்திலிருந்து ஆறு வரைக்கும்
என் கையில் சங்கரா மீன் வாசனை.

படத்துக்கு முப்பது காசு. நான்கு நொடி.
எலுமிச்சம்பழம் மறைத்த ஏழு.
பண்ருட்டியிலிருந்து பலாப்பால் ஒட்டிக்கொண்டு வந்த பூஜ்யம்.
துறைமுகத்து உப்பு பாதி தின்ற எட்டு,
அது மூன்றாகவும் இருக்கலாம், நான் எட்டு என்றால் எட்டு.
அங்காளம்மன் துணை என்று பெரிதாக எழுதி
மிச்ச இடத்தில் நம்பரை நசுக்கியிருப்பார்கள்.
அம்மனுக்குக் கட்டணம் போட முடியாது என்று
ஒருமுறை குறிப்பு எழுதினேன்.
யாரும் சிரிக்கவில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை ஐந்து பத்துக்கு
சிவப்பு எக்ஸெல் ஒன்று உள்ளே வந்தது.
தொண்ணூற்றேழு. எனக்குத் தெரியாது.
ஒன்பதாம் நாள் நள்ளிரவுக் கணக்கெடுப்பில்
வாதாங்கொட்டை மரத்துச் சிவந்த இலை ஒன்று
நம்பர்மேல் விழுந்து
ஐம்பத்தெட்டு ஆனபோதுதான் பார்த்தேன்.
படித்தேன். இருபது ரூபாய் ஏறியது.

கூட்டமில்லாத நேரத்தில் பழைய படங்களைப் புரட்டினேன்.
முன்னால் ஒயர்க்கூடை, அதில் முருங்கைக்கீரைக் கட்டு.
முதல் நாள் பச்சை.
மூன்றாம் நாள் மஞ்சள்.
ஆறாம் நாளுக்குப் பிறகு ஈர்க்கு.
சாயங்காலம் திரும்பிவிடுகிறவர்தான்
கீரையோடு வண்டியை விட்டுப் போவார்.

பத்து நாள் தாண்டினால் இரட்டைக் கட்டணம்.
அன்புள்ள வாடிக்கையாளரே என்று தினமும் செய்தி போகும்.
ஒற்றை டிக்.
மறுநாளும் ஒற்றை டிக்.

இருபத்துமூன்றாம் இரவு சீட்டின்மேல் பூனை.
வால் தொங்கிக் கடைசி இரண்டு எண் மறைந்திருந்தது,
எனக்கு மனப்பாடம்.
விலக்கு வேண்டுமானால் காரணம் கேட்கும்:
ஆம்புலன்ஸ், போலீஸ், ரயில்வே.
ஆள் வரவில்லை என்பதற்குப் பொத்தான் இல்லை.
படிக்க இயலவில்லை என்று ஒன்று இருந்தது.
அழுத்தினேன்.
அன்றிரவு ரூபாய் ஏறவில்லை.
ஐந்து இரவு அப்படியே;
பூனை வராத இரவில் தூசி இருந்தது.

ஆறாம் இரவு படம் வரவில்லை.
தேடிப் பார்த்தால்
எழுபத்தொரு சதவீத நம்பிக்கையோடு
அதுவே எழுதி வைத்திருக்கிறது, படிக்க இயலவில்லை என்று.
எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது!
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது,
மேலாளர் குலோத்துங்கன் கூப்பிடும் வரைக்கும்.

நாற்பத்தொரு வண்டிக்கு வசூல் இல்லை, யார் பழக்கியது?
திரையை என் பக்கம் திருப்பினார்.
தூசி படிந்ததெல்லாம் விடுதலை.
மஞ்சக்குப்பத்து வக்கீல் ஒருவரின் புல்லட்டும் அதில்,
தினமும் வந்து போகிற மனுஷன்,
கழுவச் சோம்பல், வேறொன்றுமில்லை.
நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று,
அது அழுக்கைக் கற்றுக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தொன்றையும் நானே திருத்த வேண்டும், காசில்லாமல்.
எக்ஸெல்லைக் கடைசியில் வைத்தேன்.

முப்பத்தேழாம் நாள், காலை நான்கு ஐம்பத்திரண்டு.
ஒரு பெண்.
கிளப்பத் தெரியாமல்
வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள்.
கேமரா முன்னால் நின்று
முந்தானையால் நம்பரைத் துடைக்கிறாள்,
முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம்,
யாரோ பார்க்கப்போகிறார்கள் என்பதுபோல.
தொண்ணூற்றொன்பது.
நான் சீட்டில்தான் இருந்தேன்.
என்னிடம் வரவில்லை.

விட்டுப்போன இரவுகளையும் சேர்த்து
ஆயிரத்து இருநூற்று எண்பது.
தடுப்புக் கம்பி எழுந்தது ஐந்து நாற்பதுக்கு.
அதுவரை அவள் யார் யாருக்குப் போன் செய்தாள் என்பது
படத்தில் இல்லை.

கூடையை மரத்தடியிலேயே கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள்.
அன்று நள்ளிரவு
காலியான இடத்தில் கிடந்த ஈர்க்குக் கட்டைக் காட்டி
இது வண்டியா என்று கேட்டது.
நாற்பத்திரண்டு.
நான்கு நொடி.