பன்னிரண்டரை

ஆல்பத்தின் பின்னட்டையில் என் பெயர் இருக்கிறது,
பொடி எழுத்தில், பிழையோடு.
மிரெல்லாவுக்குப் பதில் மரெல்லா.
போகட்டும்.
நானும் அவர்களுக்கு ஒரு பிழை கொடுத்திருக்கிறேன்.

ஜெனோவா, எழுபத்து மூன்று, பிப்ரவரி.
மீன் கிடங்குக்கு மேலே ஒலிப்பதிவுக் கூடம்.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
எவாரிஸ்தோ கடன் வாங்கி வந்த மெல்லோட்ரான்
கடற்காற்று பட்டதும் சுருதி இறங்கும்.
தங்கையின் ஹேர் டிரையரால் அதற்குச் சூடு காட்டுவான்,
காய்ச்சல்காரக் குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல.

பாட்டு ஒன்றுதான். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
தன் ஊரைப் பிடிக்காமல்
கடலோரமாக நடந்துபோய்விடும் ஒரு கலங்கரை விளக்கம்.
ஏன் நடக்கிறது என்று கேட்டேன்.
நேவியோ பாடுவதை நிறுத்திவிட்டு யோசித்தான்.
"வாடகை" என்றான்.

பதின்மூன்று மாத்திரைத் தாளம்.
டூல்லியோ மட்டும் எண்ணாமல் வாசிப்பான்.
மற்றவர்களின் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும்,
ஜெபமாலை உருட்டுகிறவர்களைப்போல.

இருபத்து மூன்று நிமிடம் நாற்பது நொடி.
தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையிலிருந்து போன்:
இருபத்திரண்டுக்கு மேல் போனால்
பள்ளம் மெலியும், ஒலி சாகும்.
நூறு நொடியை வெட்டுங்கள்.

யாருடைய நூறு நொடி?
எவாரிஸ்தோ டூல்லியோவைப் பார்த்தான்.
டூல்லியோ கிடாரைப் பார்த்தான்.
நேவியோ கோட்டை மாட்டிக்கொண்டு
படியிறங்கிப் போனான்; மூன்று நாள் வரவில்லை.
கடைசியில் பிளேடு என் கையில்.

அன்றிரவு ஹீட்டர் வேலை செய்யவில்லை.
நாடாவில் மஞ்சள் பென்சிலால் இரண்டு கோடுகள்.
விரல்கள் மரத்திருந்தன.
கோட்டுக்குப் பக்கத்தில் வெட்டினேன்,
கோட்டில் அல்ல.
ஒட்டி, ஓடவிட்டு, கேட்டேன்.
பதினேழாவது நிமிடத்தில்
ஒரு சுற்றுக்கு அரை மாத்திரை குறைந்தது.
இருட்டில் கடைசிப் படி இருக்கும் என்று கால் வைத்து
இல்லாத படியில் விழுவதுபோல
ஆர்கன் குரலுக்குள் விழுந்தது.

நான் சொல்லவில்லை.
காலையில் கேட்டார்கள்; அவர்களும் சொல்லவில்லை.
ஆளுக்கொருவன் தான்தான் எண்ணிக்கை விட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

மிலானில் ஒரு பத்திரிகை எழுதியது:
"நடக்கிற விளக்கம், உட்கார்ந்தே தூங்கும் கேட்பவர்."
அறுநூற்றுப் பதினொரு பிரதி விற்றது.
மீதியை உருக்கினார்கள்.
அந்தக் கறுப்பிலேயே அடுத்த கோடையில்
கடற்கரைக் காதல் பாட்டு ஒன்று அச்சாகி
நாடே முணுமுணுத்தது. நானும்தான்.

மேடையில் அவர்கள் என் பிழையைப் பழகவேண்டியிருந்தது.
வந்த நூறுபேரும் தட்டில் கேட்டதையே கேட்டார்கள்.
டூல்லியோ வாழ்க்கையில் முதல் தடவையாக
எண்ணத் தொடங்கினான்.

முப்பத்தைந்து வருடம் கழித்து
பொலோனியாவில் ஒரு பேராசிரியை எழுதினாள்,
அந்தப் பதினேழாம் நிமிடத்துக்கு மட்டும் ஒன்பது பக்கம்:
கலங்கரை தன் முதல் அடியை எடுத்துவைக்கிறது,
தரையைத் தேடும் பாதத்தின் கணம் அது,
தாளத்திலிருந்து கழற்றிய அந்த அரை மாத்திரைதான் துணிச்சல்.
சிரித்தேன்.
பிறகு தட்டைப் போட்டேன்.
பாதம்தான் கேட்டது.
இன்றுவரை அதை மறுபடி பிழையாகக் கேட்க முடியவில்லை;
முயன்றிருக்கிறேன்.

நகோயாவிலிருந்து ஒருவர் கடிதம்:
வெட்டிய நாடா பத்திரமாக இருக்கிறதா,
என்ன விலை சொன்னாலும் சரி.
முப்பத்தெட்டு மீட்டர்.
அதை அந்த வருடமே
அண்ணன் தோட்டத்துச் செர்ரி மரத்தில் கட்டினோம்,
பறவைகளை விரட்ட.
காற்றில் பளபளத்து விர்ரென்று இரைந்தது.
பறவைகள் இரண்டு நாள் பயந்தன.
அப்புறம் வந்து தின்றன.
அப்படியே பதில் எழுதினேன்.

போன மாதம் மருந்துக் கடை வரிசையில் டூல்லியோ.
இடது காது போய்விட்டதாம்.
வலது பக்கமாகப் போய் நின்று
ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்:
ஹீட்டர், விரல், மஞ்சள் கோடு.
அவன் சீட்டை நீட்டி, சில்லறை வாங்கி, எண்ணிப் பார்த்தான்.
"பன்னிரண்டரை" என்றான்.
சில்லறையைச் சொன்னானா
என்று கேட்பதற்குள்
கதவு திறந்து, மணி அடித்து,
போய்விட்டான்.