காப்பு

செவ்வாய்க்கிழமை வந்த கடிதம்
தமிழில் இருந்ததால் என் மேசைக்கு வந்தது.
இருபத்து மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே கப்பல்கள்
எங்கள் கோப்புகளைப் போலவே
முறை வரக் காத்து நின்றன.

கோடு போட்ட தாள்.
பேனாவை அழுத்தி எழுதும் கை.
செங்கமலம், வயது அறுபத்து நான்கு,
பூன் லே உணவங்காடியில் தட்டு கழுவுகிறார்.
"ரயில் நிலைய வாசலில் மேசை போட்டிருந்தார்கள்.
பேங்க் மாதிரிதான் என்றார் தம்பி.
காப்பை விற்றுக் காப்பீடு வாங்கினேன்.
இப்போது எடுக்க முடியாதாம்.
எண்பத்தொன்பது வயதில் வந்து
முழுசாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்."

காப்பை விற்ற அந்த வரியை ஆங்கிலத்தில் பெயர்க்க
அரை மணி நேரம் போனது.
வளையல் என்று எழுதினேன். பாலிசி என்று எழுதினேன்.
இரண்டுக்கும் நடுவே அவர் வைத்திருந்த கேலி
படிவத்துக்குள் இறங்க மறுத்தது.

'ஆதாரம்' என்ற கட்டத்தில்
அவர் எழுதியிருந்தது:
நல்ல பிள்ளையாகத் தெரிந்தார்.

பதில் எழுத எங்களிடம் ஒரு பத்தி இருக்கிறது.
தனிநபர் வழக்குகளில் நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை,
தகராறு தீர்க்கும் மையம் இன்ன முகவரியில்…
உண்மையான பத்தி. சரியான பத்தி.
அதை அனுப்பிய மதியம் சோறு இறங்கவில்லை
என்று சொன்னால் பொய்.
மீன் சூப் சாப்பிட்டேன்.
மேசை துடைக்க வந்த கையை மட்டும்
நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு கடிதம் வழக்கு.
நாற்பத்தொன்று சேர்ந்தால் வழக்கம்.
தேடினேன்.
ஈசூனிலிருந்து ஒன்று, மலாயில்.
தோ பாயோவிலிருந்து ஒன்று, அம்மாவுக்காக ஒரு மகன்,
மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
பிடோக்கில் ஒரு லாரி ஓட்டுநர்.
எல்லாரும் சொன்ன மேசை ஒன்று,
எல்லாருக்கும் கிடைத்த இலவசக் குடை ஒன்று.
நீலம்.

சனிக்கிழமை
அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு
பழைய செருப்போடு நானே போனேன்.
"அக்கா, சேமிப்பு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"
பெயர்ப்பட்டையில் யுகேந்திரன்.
இருபத்திரண்டு இருக்கும்; கழுத்துப்பட்டி வியர்வையில் ஒட்டியிருந்தது.
இந்த மாதக் கணக்குக்கு இன்னும் மூன்று பேர் வேண்டுமாம்,
சிரித்துக்கொண்டே அவனே சொன்னான்.
பேங்க் மாதிரிதானா? என்றேன்.
அதேதாங்க்கா.
பதினாலு நாளுக்குள்ள மனசு மாறினா?
ஒரு நொடி அவன் முகம் காலியானது.
யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை,
அல்லது
சொல்லாதே என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

நூல் தொடங்குமுன் காப்புப் பாடுவது நம் மரபு.
பிள்ளையாரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் கதை.
இவர்கள் நூலில் காப்பு முப்பத்தெட்டாம் பக்கம்,
எறும்பு ஊர்ந்த எழுத்தில்.
அதை முதல் பக்கத்துக்கு நகர்த்த,
கையெழுத்துக்கு முன்னால்
வாங்குபவர் மொழியில் வாய்விட்டுச் சொல்லவைக்க
நான் எழுதியது இரண்டே வரி.
அதற்குப் பதினொரு கூட்டம்,
நான்கு வழக்கறிஞர்கள்,
'வாய்விட்டு' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பிற்பகல்.

செங்கமலத்துக்குப் பணம் திரும்பியதா?
அது வேறு கட்டடம், வேறு கோப்பு.
கேட்கும் உரிமை எனக்கில்லை.
கேட்டேன். சொல்லவில்லை.

இதெல்லாம் பிறகு.
அந்தச் சனிக்கிழமை நான் மேசையை விட்டு எழும்போதே
வானம் இடிந்து கொட்டியது.
கையில் யுகேந்திரன் தந்த குடை.
விரிக்க முடியாது, அது சான்றுப்பொருள்.
பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல்
மார்போடு அணைத்துக்கொண்டு
பேருந்து நிறுத்தம் வரை ஓடினேன்.
செருப்பு ஒன்று வழியில் அறுந்தது.

குடை நனையவில்லை.