வரி 4117

விண்டர்தூரில், வியாழன் மாலை மூன்று மணிக்குள்
என் பெயருக்கு நேரே ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும்.
இடம்பெயர்க்கலாம்.
இடம்பெயர்க்க வேண்டாம்.
மூன்றாவது கட்டம் இல்லை.

ஆலோசகர் ரேட்டோ கஃப்லிஷ் திரையில் காட்டினார்:
இப்போதிருப்பது ஒரே கருங்கட்டி.
அடுத்த சொடுக்கில்
முப்பத்தெட்டு வட்டங்களாகப் பிரிந்தது.
ஒவ்வொரு வட்டமும் ஒரு சேவையாம்.
ஒன்றையொன்று அழைக்கும், பதில் சொல்லும்,
ஒன்று விழுந்தால் மற்றவை நிற்கும் என்றார்.
நின்று யாரைக் கேட்கும் என்று
நான் கேட்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கட்டியின் உள்ளே எனக்கு வழி தெரியும்.
ஆறு லட்சம் வரி கோபால்.
தொலைபேசியில் அம்மா ஒருநாள்,
"ஆரடி உந்தக் கோபால்?
இரவு பகலா அவனோடையே நிக்கிறாய்" என்றாள்.
வயதானவன் அம்மா, காப்புறுதிக் கணக்குப் பார்க்கிறான்,
அவன் பேச்சு விளங்குகிறவர்கள்
இந்தக் கட்டடத்தில் இரண்டே பேர்,
மற்றவருக்கு மார்ச்சில் ஓய்வு.

இடம்பெயர்வு என்ற சொல்லை
எங்கள் வீட்டில் யாரும் திரையில் காட்டியதில்லை.
அம்மாவுக்குக் கிடைத்தது எட்டு நிமிடம்.
அலுமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு
அலுமாரியை விட்டுவிட்டு வந்தவள்.
எனக்குப் பதினெட்டு மாதம்,
நான்கு மில்லியன் பிராங்க்.

வரி 4117:
ஒப்பந்த எண் 0093 என்றால்
கட்டணத்தை உயர்த்தாதே.
பக்கத்தில் ஜெர்மனில் ஒரு குறிப்பு,
ஏப்ரல் 1984, கேட்காதே.
கையொப்பம் ஒற்றை எழுத்து, ஓ.

ஓ இறந்துவிட்டார். 0093 இறக்கவில்லை.
கிளாருஸ் பக்கம் யாரோ ஒருவர்
இன்னமும் மாதம் முப்பத்தொரு பிராங்க் நாற்பது கட்டுகிறார்.
இரவு இரண்டு பத்துக்கு
இயந்திரம் அந்த வரிக்கு வருகிறது,
கேட்காமல் கடந்து போகிறது.

இதை எந்த வட்டத்தில் வைப்பது?
கட்டண வட்டத்திலா, வாடிக்கையாளர் வட்டத்திலா?
கஃப்லிஷ் குறித்துக்கொண்டார்:
விதிவிலக்கு. நீக்கலாம்.
கெட்ட மனிதரல்ல. என் காப்பிக்கும் அவரே காசு கொடுத்தார்.

இரண்டு ஐம்பத்தாறு.
இடம்பெயர்க்கலாம் என்றே குறியிட்டேன்.
மார்ச்சுக்குப் பிறகு தனியாக
ஆறு லட்சம் வரியோடு எத்தனை நாள்?

கீழே, குறிப்புகள் என்ற இடத்தில்
நூற்றிருபது எழுத்து மட்டும் ஏற்கும்.
வரி 4117ஐ அப்படியே தட்டினேன்,
எண், நிபந்தனை, ஏப்ரல், கேட்காதே.

ஓ மட்டும் உள்ளே போகவில்லை.