மூடியைத் தளர்த்தினால்

இருபது நொடி கழுவச் சொல்லிவிட்டுப் போனார்
ஜீப்பில் வந்தவர்.
அவர் கொடுத்த நோட்டீஸில் ஒரு குழாய்
திறந்தபடியே ஊற்றிக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டு சபூரா அதையே பார்த்தாள்.
"யாருனா மூடுங்களேன் அத."

பேரணாம்பட்டில் எங்கள் சந்துக்கு
ஒன்பது நாளுக்கு ஒருமுறை லாரி.
வீட்டுக்கு எட்டுக் குடம்,
ஒன்பதாவதுக்குச் சண்டை.
பாலாற்றில் மணலாவது இருந்தது,
அதுவும் லாரியில்தான் போனது.

சபூரா பீடி சுற்றுகிறவள்.
ஆயிரம் சுற்றிய விரலை
முந்தானையில் துடைத்துவிட்டுச் சோறு ஊட்டுவாள்.
அஃப்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு
"கட்வா" என்பாள்.
கசப்புக்கு அவர்கள் வீட்டுச் சொல்.
அடம் என்று நினைத்தோம்.

ஆடி மாதம் வயிற்றால் போனது குழந்தைக்கு.
கண் உள்ளே போய்விட்டது.
இரண்டு பஸ் மாறி அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி.
தலைகீழாகத் தொங்கிய பாட்டிலிலிருந்து
சொட்டு, சொட்டு.
நர்ஸ் ஒரு சின்னச் சக்கரத்தை
இப்படித் திருகினாள், வேகமானது.
அப்படித் திருகினாள், நின்றது.
சபூரா பிள்ளையைப் பார்க்கவில்லை,
அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்குக் கோபம்கூட வந்தது.

திரும்பி வந்த மறுநாள்
காலி சோடா பாட்டில், அடுப்பில் பழுக்கவைத்த ஆணி.
அடிப்பக்கம் ஓர் ஓட்டை.
நிரப்பி மூடியை இறுக்கினால் நிற்கிறது.
தளர்த்தினால் நூலாக இறங்குகிறது.
கக்கூஸ் கதவோரம் கட்டித் தொங்கவிட்டாள்.

முதல் சோப்பைக் காக்கா கொண்டுபோனது.
இரண்டாவதை யார் என்று எனக்குத் தெரியும்,
சொல்லமாட்டேன்.
மூன்றாவது, வெங்காயம் வந்த வலைப்பையில்
முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது.

எண்ணிப் பார்த்தேன்.
ஒரு பாட்டிலுக்குப் பதினொரு பேர்.
கீழே பெயின்ட் டப்பாவில் புதினா,
பன்னிரண்டாவது ஆள்.

இப்போது சந்தில் ஏழு பாட்டில்.
ஜீப்காரர் மறுபடி வந்தார்,
சபூராவைப் பக்கத்தில் நிற்கவைத்துப்
போட்டோ எடுத்தார், சிரிக்கச் சொன்னார்.
"எடு சார்.
லாரி ஒம்போது நாளைக்கு ஒருவாட்டிதான் வருது,
அதயும் எழுதிக்கோ."
அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம்
சோறு பிசையும் சத்தம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் அஃப்ரின்:
"தோடா கட்வா."
கொஞ்சம்தான் கசப்பாம்.
இன்னொரு வாய் கேட்டாள்.